ஓங்கரிக்குது, ஆனா ஒண்ணும் வெளிய வரல... உங்க நாய்க்கு இப்படி ஆயிருக்கா?

எங்க கிரேட் டேனுக்கு ஏழு வயசு. ராத்திரி சாப்பிட்டு ஒரு ஒன்றரை மணி நேரம் இருக்கும், உவ்வே உவ்வேன்னு ஓங்கரிக்கிறான், வந்தது கொஞ்சம் வெள்ளை நுரை அவ்ளோதான். புல்லு கில்லு தின்னுருப்பான்னு விட்டுட்டேன். படுக்குறான், உடனே எந்திரிக்கிறான், தலையைத் திருப்பித் திருப்பி தன் வயித்தையே பாக்குறான். வயித்தத் தடவிப் பாத்தா பெருசா உப்பல் தெரியல, அதை நம்பித்தான் முக்கால் மணி நேரத்தக் கோட்டை விட்டேன். நெஞ்சுக்கூடு ஆழமான நாய்க்கு இரைப்பை விலா எலும்புக்கு உள்ளயே உப்பிக்கிட்டு இருக்குமாம், வெளிய தெரியாதாம். அப்புறம் உதட்டைத் தூக்கிப் பாத்தா ஈறு வெளிறிப் போயிருக்கு. விரலால அழுத்தி எடுத்தா ரெண்டு செகண்டுக்குள்ள ரத்தச் சிவப்பு திரும்பணும், இவனுக்கு நான் மனசுல நாலு வரைக்கும் எண்ணிட்டேன்.

கிளம்பும்போதே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிட்டதால டேபிள் ரெடியா இருந்துச்சு. ரெண்டு முன்னங்கால்லயும் டிரிப், ஊசி குத்தி கேஸை எடுத்தாங்க (புஸ்ஸுன்னு சத்தம், அந்த நாத்தம் இன்னும் மூக்குல இருக்கு), எக்ஸ்ரேல இரைப்பை ரெண்டு அறை மாதிரி மடிஞ்சு நின்னுச்சு. முறுக்கிருச்சு. ஆபரேஷன்ல திருப்பி வச்சு, கறுத்துப்போன மண்ணீரலை எடுத்துட்டு, மறுபடி முறுக்காம இருக்க இரைப்பைய வலது பக்க வயித்துச் சுவரோட சேத்துத் தச்சுட்டாங்க. அதோட முடியல, இதயத்துடிப்பு தாறுமாறா ஆகலாம்னு மூணு நாள் அங்கயே வச்சிருந்தாங்க. இப்போ நல்லா இருக்கான்.

—

அக்கா, உங்க பதிவு படிச்சதும் கை நடுங்குது, எங்க ஷெப்பர்டுக்கும் இதே கதைதான். ஆனா முறுக்கல, வெறும் கேஸ். வாய் வழியா டியூப் ஈஸியா உள்ள போச்சு, அப்பாடான்னு நெனச்சேன், டியூப் போயிட்டா முறுக்கல்லன்னு அர்த்தம் இல்லன்னு சொல்லி டாக்டர் எக்ஸ்ரேயும் எடுத்தார். பின்னாடி அவனுக்கும் அந்தத் தையல் போட்டாச்சு. தையல் போட்டாலும் உப்பலாம், முறுக்குறதுதான் ரொம்ப அபூர்வம். இப்போ ஒரே வேளையா கொட்டாம மூணா பிரிச்சு வைக்கிறோம், அவன் வாரி வாரி முழுங்குறவன்.

—

என் டாபர்மேன் பொழைக்கல. மனுஷங்க குடிக்கிற கேஸ் மருந்தை ஊத்திட்டு விடியட்டும்னு உக்காந்திருந்தேன். போன்ல கேட்ட ஒருத்தரும் காலைல பாத்துக்கலாம்னுதான் சொன்னார். நாலு மணிக்கு வயிறு தட்டினா மேளம் மாதிரி கேட்டுச்சு, அவளால எந்திரிக்கவே முடியல, தூக்கி வண்டியில போட்டேன், பாதி வழியிலயே போயிட்டா. கைவசம் ராத்திரி திறந்திருக்கிற ஆஸ்பத்திரி நம்பர் ஒண்ணுகூட இல்ல என்கிட்ட, வண்டிய ஓட்டிக்கிட்டே தேடிக்கிட்டு இருந்தேன்.