தாத்தா பேனருக்கு வாசகம்

*குழு: முதலியார்பேட்டை வீடு, புதுச்சேரி*

தம்பி: பேனர் கடைக்காரர் 5 மணிக்குள் வாசகம் கேட்கிறார். அவர் அனுப்பிய மாதிரியில் "தெய்வத்திரு", "சிவலோக பதவி அடைந்தார்" என்று இருக்கிறது. ஓகேவா?

கடலூர் அத்தை: அப்பா எந்தக் கோயிலுக்குப் போனார்? எடு அதை

வில்லியனூர் சித்தப்பா: இருக்கட்டும். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். பெயருக்குப் பின்னால் பட்டமும் போடு

கடலூர் அத்தை: எந்தப் பட்டம்?

வில்லியனூர் சித்தப்பா: தெரியாத மாதிரி கேட்காதே அக்கா. சாதிப் பட்டம்தான்

பெரியப்பா: கொஞ்சம் பொறுங்கள். ரோடியர் மில்லில் அப்பாவைப் பட்டம் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. தோழர்தான். நான் கேரியரோடு கேட்டில் நிற்பேன். "தோழர், பையன் வந்திருக்கான்" என்று வாட்ச்மேன் உள்ளே குரல் கொடுப்பார். தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு அப்பா வருவார். யார் என்ன ஆள் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அப்பாவின் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். 1936 ஜூலை 30 அன்று சவானா மில் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியவர்கள். மறு வருடமே பிரெஞ்சு அரசு சட்டம் கொண்டு வந்தது. ஒவ்வொரு ஜூலை 30க்கும் அப்பா நம்மை உட்கார வைத்து இதைச் சொல்வாரே, மறந்துவிட்டீர்களா? "தோழர்" என்று போடு. வேறெதுவும் வேண்டாம்

வில்லியனூர் சித்தப்பா: அண்ணே, அது அந்தக் காலம்

தம்பி: இப்போது தோழர் என்றால் கட்சிக்காரர் என்றுதான் நினைப்பார்கள் பெரியப்பா. எங்கள் காலேஜில் டீ வாங்கித் தந்தாலே தோழர்

வில்லியனூர் சித்தப்பா: அதேதான். கொடியோடு வந்து நிற்பார்கள்

கடலூர் அத்தை: வரட்டுமே. ஆஸ்பத்திரியில் ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் கொடுத்தது அவர்கள்தான். நீ எங்கே இருந்தாய்?

வில்லியனூர் சித்தப்பா: ஆரம்பித்துவிட்டாயா

பெரியம்மா: சாப்பாடு எத்தனை பேருக்கு? சமையல்காரர் கேட்கிறார்

பாரிஸ் மாமா: இப்போதுதான் எழுந்தேன். காரியமா, படத்திறப்பா? லீவு சொல்ல வேண்டும்

பெரியப்பா: படத்திறப்பு

வில்லியனூர் சித்தப்பா: காரியம். ஐயரிடம் சொல்லியாகிவிட்டது

கடலூர் அத்தை: யாரைக் கேட்டுச் சொன்னாய்?

நான்: ஆயாவிடம் கேட்டேன். "மில் மூடிக் கிடந்தப்போ தோழர் தோழர்னு கூப்பிட்டுக்கிட்டு வந்தவங்கதான் அரிசி குடுத்தாங்க. பட்டம் வெச்சிருக்கிறவன் எவனும் வாசல் மிதிக்கல. தோழர்னே போடு" என்கிறார்

பெரியப்பா: கேட்டுக்கொள்ளுங்கள்

வில்லியனூர் சித்தப்பா: அம்மா சொன்னால் சரி. ஆனால் ஐயர் வருவார்

தம்பி: அப்போ "தோழர்", "இயற்கை எய்தினார்". பட்டம் இல்லை. கீழே காரியமா படத்திறப்பா? கடையில் நிற்கிறேன்

பாரிஸ் மாமா: தேதியை மட்டும் போட்டுவிடு

கடலூர் அத்தை: காரியம் என்று போட்டால் நான் வேனை ரத்து செய்துவிடுவேன்

பெரியம்மா: எத்தனை பேர் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை