துளையை அகலமாக்கும் போரிங் ஹெட் 50 மி.மீ.யா, 75 மி.மீ.யா? அதில் பிடிக்க எந்த பார் (வெட்டுக்கம்பி) வாங்கலாம்?

பழைய_லேத்:
வணக்கம். ஆர்8 வகை ஸ்பிண்டில் (கருவியைச் சுழற்றும் தண்டு) உள்ள, 'நீ' (knee, டேபிளைத் தாங்கும் பகுதி) ஏறி இறங்கும் வகை மில்லிங் மெஷின். வார்ப்பிரும்பு ஹவுசிங்கில் இரண்டு 6205 பேரிங் உட்கார 52 மி.மீ. துளை வேண்டும், ஆழம் 60 மி.மீ. இரவல் வாங்கிய 50 மி.மீ. ஹெட்டில் 12 மி.மீ. பிரேஸ் கார்பைடு பார் (கார்பைடு முனை பற்றவைத்தது) போட்டு, குவிலை (ஸ்பிண்டிலோடு ஏறி இறங்கும் உருளை) இறக்கி வெட்டினேன். ஒரே அலறல், சுவரெல்லாம் அலை. போதாததற்கு மேலே அகலம், கீழே குறுகல். 75 மி.மீ. ஹெட் வாங்கினால் சரியாகுமா?

சில்லுப்பொறுக்கி:
அலறலுக்குக் காரணம் ஹெட் இல்லை, பார். ஸ்டீல் பாரை அதன் விட்டத்தைப் போல் 4 மடங்குக்கு மேல் நீட்டினால் சேட்டர் (அதிர்வு) வரும். 12 மி.மீ.க்கு அது 48தான். நீங்கள் 60ஐத் தாண்டிவிட்டீர்கள். 75 ஹெட்டில் 18 மி.மீ. பார் பிடிக்கலாம், விறைப்பு சுமார் 5 மடங்கு. ஆனால் வாங்கும் முன் ஸ்பிண்டிலுக்கும் டேபிளுக்கும் நடுவே உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். பெரிய ஹெட், நீள பார், வைஸ், வேலைப்பொருள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டுமே!

மைக்ரோமீட்டர்:
75 தேவையில்லை என்பது என் கருத்து. ஷேங்க் (ஹெட்டில் பிடிக்கும் பகுதி) மட்டும் 12, உடல் 16 மி.மீ. உள்ள பார் கிடைத்தால் 50 ஹெட்டே போதும்.

கூம்பு வேறு கதை. பார் நீட்டம் மேலிருந்து கீழ்வரை ஒன்றுதானே, அப்புறம் கீழே மட்டும் ஏன் அதிகம் வளைய வேண்டும்? குவில் வெளியே வர வர அதன் பிடிப்பு தளர்கிறது. குவிலை மேலேற்றிப் பூட்டிவிட்டு, நீயை உயர்த்தி வெட்டுங்கள். டேபிள் நகரும் எக்ஸ், ஒய் திசை இரண்டையும் பூட்ட மறக்க வேண்டாம். அதன் பிறகும் கூம்பு வந்தால், வெட்டும்போதே முனை மழுங்குகிறது.

சில்லுப்பொறுக்கி:
ஒப்புக்கொள்கிறேன், குவிலை நான் கவனிக்கவில்லை. பிரேஸ் பாரில் இன்னொன்று: தீட்டாமலே விற்கிறார்கள். முனைக்குப் பின்னால் உள்ள குதிப் பகுதியில் மார்க்கர் பூசி, சற்று வெட்டிப் பாருங்கள். மை அழிந்தால் பார் வெட்டவில்லை, தேய்க்கிறது. பச்சை சிலிக்கான் கார்பைடு கல்லில் குதியை இறக்குங்கள். சாதாரணக் கல் கார்பைடை ஒன்றும் செய்யாது.

பழைய_லேத்:
மை பாதி அழிந்துவிட்டது! நீயை உயர்த்தியதில் கூம்பும் பெருமளவு குறைந்தது. புதிதாக வாங்குவதென்றால் எந்த இன்செர்ட் (மாற்றக்கூடிய வெட்டுமுனை)?

மைக்ரோமீட்டர்:
சிசிஎம்டி 06, முனை ஆரம் 0.2 மி.மீ. முனை, ஹெட்டின் ஸ்லைடு நகரும் கோட்டிலேயே இருக்கட்டும். திரும்பியிருந்தால் டயல் சொல்லும் அளவு வராது. 400 ஆர்பிஎம்மில் தொடங்குங்கள், அலறினால் வேகத்தைக் குறைத்து ஃபீடை (ஒரு சுற்றுக்குக் கருவி முன்னேறும் அளவு) கூட்டுங்கள். டயல் ஆரத்தைக் காட்டுகிறதா விட்டத்தையா என்று துண்டு இரும்பில் முதலில் சோதியுங்கள். 52ஐ நெருங்கும்போது அந்தச் சந்தேகம் வரக் கூடாது.