இரண்டு பெண்கள் பேசும் காட்சியில் 'என்றாள்' குவிகிறது

கேள்வி: சிறுகதையில் ஒரே பக்கம் முழுக்க 'என்றாள்'. 'வினவினாள்', 'பகர்ந்தாள்', 'மொழிந்தாள்' என்று மாற்றிப் போடலாமா?

பதில் 1: வேண்டாம். பகர்வதும் மொழிவதும் புராணக் கதைக்குச் சரி, இன்றைய ஆட்களுக்கு ஒட்டாது. 'என்றாள்' கண்ணில் தங்காமல் நழுவிவிடும், அதுதான் அதன் பலம். உங்கள் சிக்கல் வேறு. ஆணும் பெண்ணும் பேசினால் விகுதியே ஆளைக் காட்டிவிடும். இருவரும் பெண் என்றால் காட்டாது. முதல் இரண்டு வரிகளில் பெயரைப் போடுங்கள். அடுத்த மூன்று, நான்கு வரிகளுக்கு எதுவும் வேண்டாம். பிறகு மறுபடி ஒரு பெயர்.

பதில் 2: பெயரோடு ஒரு செயலை வைத்தால் 'என்றாள்' தேவையே இல்லை.
"நான் வரல." மாலா செருப்பைக் கழற்றினாள்.
செயலும் பேச்சும் ஒரே பத்தியில் இருக்கணும். பிரிந்தால் யார் பேசியது என்று குழம்பும். அதற்காக வரிக்கு வரி பெருமூச்சு, தலையாட்டல் என்று நிரப்பாதீர்கள், அது இன்னும் எரிச்சல்.

பதில் 3: கத்தினாள், முணுமுணுத்தாள், கிசுகிசுத்தாள் எல்லாம் குரலின் அளவைச் சொல்பவை. வசனத்திலேயே அது தெரியாதபோது மட்டும் போதும். "வெளியே போ!" என்பதற்குப் பின் 'கோபமாகக் கத்தினாள்' வெறும் சுமை.

இன்னொன்று, நீண்ட வசனத்தில் 'என்றாள்' கடைசியில் வந்தால் வாசகர் திரும்பிப் படிக்க வேண்டிவரும். முதல் வாக்கியம் முடிந்ததுமே வெட்டி வையுங்கள்:
"எனக்குத் தெரியும்," என்றாள் மாலா. "ஆனா சொல்லமாட்டேன்..."

கேட்டவர்: ஒருத்தி வயதானவர். 'என்றார்' போட்டால்?

பதில் 1: பிரச்சினையே தீர்ந்தது. கதை முழுக்க அவருக்கு 'ஆர்' விகுதிதான், நடுவில் மாறக்கூடாது.