கவுன்சிலிங் போன இடத்தில் நடந்த, இன்னும் உறுத்துகிற ஒன்று

ஆனைமலைக்காற்று

நான் சைக்காலஜிஸ்ட். சொந்த ஊர் மதுரை. இது பொள்ளாச்சிக்கு வந்த முதல் வருஷம் நடந்தது. கோபாலபுரம், மீனாட்சிபுரம் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்துதான் பாதிப் பேர் வருவார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சித்தூர் தாலுகாவிலிருந்து (பாலக்காட்டுச் சித்தூர்) ஒரு பாட்டி பேரனைக் கூட்டி வந்தார். 11 வயது. அம்மா துபாய்க்கு வீட்டு வேலைக்குப் போய் ஐந்து மாதம். "ரொம்ப விஷமமா இருக்கானுங்க. டீச்சரும் அதையேதான் சொல்றாங்க" என்றார். கேஸ் ஷீட்டில் 'குறும்பு, அடங்காமை' என்று எழுதினேன். 'தாய் வெளிநாட்டில்' என்றும் எழுதினேன், எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பையன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். புது இடம், அதனால் அடங்கி இருக்கிறான் என்று நினைத்தேன்.

ஸ்டார் சார்ட் போட்டுக் கொடுத்தேன். கத்தாமல், அடிக்காமல், எதையும் உடைக்காமல் இருந்தால் நாளுக்கு ஒரு ஸ்டார். மூன்று வாரம் கழித்து வந்தார்கள். 21 கட்டத்திலும் ஸ்டார். ஸ்கேல் வைத்து ஒட்டியது போல நேராக இருந்தது. சபாஷ் என்று சொல்ல வாயெடுத்தேன். பாட்டி, "எல்லாம் ஒட்டியாச்சுங்க. விஷமம் மட்டும் மாறல" என்றார்.

"அப்படி என்னதான் செய்யறான்?"

"ஒண்ணுமே செய்யறதில்லைங்க. அதானே விஷமம்."

அப்புறம் ரிசப்ஷனில் இருந்த வேலந்தாவளத்துப் பெண்தான் சொன்னாள்: "மேடம், அது மலையாள விஷமம். வருத்தம்னு அர்த்தம்."

சோகத்தில் அசையாமல் கிடந்த பிள்ளைக்கு, அசையாமல் இருந்ததற்காக 21 ஸ்டார் கொடுத்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை_தென்னந்தோப்பு

மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பழியை வார்த்தை மேல போடாதீங்க. பையன் முகத்தைப் பார்த்திருந்தால் எந்த மொழியும் வேண்டியதில்லை. எங்க ஊரில் மூணு வயசுக் குழந்தைக்குக்கூட ரெண்டு விஷமமும் தெரியும்.

என் கதை அப்பாவைப் பற்றியது. இரண்டு மாதம் தூக்கமில்லை, தோப்புப் பக்கம் போகவில்லை. ஆஸ்பத்திரி என்றாலே "என்னைக் குதிரவட்டத்துக்கு அனுப்பப் பார்க்கறயா" என்பார். பொள்ளாச்சி சித்தப்பா வந்தால் அதே வசவு கீழ்ப்பாக்கம் ஆகும். பார்டர்காரனுக்கு வசவுகூட ரெண்டு ஊர்ப் பெயரில். கெஞ்சிக் கூட்டிப் போனேன். டாக்டர் கேட்டதற்கெல்லாம் "குழப்பமில்லா" (ஒன்றும் பிரச்சினை இல்லை) என்று மலையாளத்தில் ஒரே பதில். மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் சாப்பிட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. அம்மா துவைக்கும்போது அவர் சட்டைப்பை முழுக்க ரோஸ் கலர் கறை. உள்ளே கரைந்தும் கரையாமலும் ஒரு கை மாத்திரை. ஏன் என்று கேட்டதற்கு, "பத்து நாளா ஒண்ணும் ஆகல" என்றார்.

அந்த வகை மாத்திரை வேலை காட்டவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பாரா? தெரியாது. அந்தக் கறை அம்மா கையில் இருந்ததுதான் நினைவில் நிற்கிறது.

நகரி_தறி

எங்க பக்கம் அது 'திகுலு'. தெலுங்கு. கவலையும் மனச்சோர்வும் சேர்ந்த மாதிரி. திருத்தணி தாண்டிப் போய்ச் சொன்னால் திகில் என்று நினைத்து, எதைப் பார்த்துப் பயந்தாள் என்பார்கள்.

அக்காவுக்கு முதல் பிரசவம். ஆறாம் நாளிலிருந்து வாய் ஓயாமல் பேச்சு. இது என் குழந்தையே இல்லை என்றாள். மாமியார் காற்று என்றார். நாங்களும் தலையாட்டினோம். சோளிங்கர் கூட்டிப் போனோம். தக்கான் குளத்தில் முழுக்கு, அப்புறம் சின்ன மலை, 406 படி. பிரசவமாகி பத்து நாள்தான் ஆகியிருந்தது, யாருக்கும் அது உறைக்கவில்லை.

படி ஏறும் முன் குளத்தங்கரையில் ஈரத்தோடு நின்றாள். துண்டைச் சுருட்டித் தோளில் போட்டு, பால் குடித்த குழந்தையை ஏப்பம் விட வைப்பது போல் தட்டிக்கொண்டே இருந்தாள். நிஜக் குழந்தை இரண்டடி தள்ளி அம்மா கையில் வீரிட்டு அழுதது. அக்கா திரும்பவே இல்லை.

அங்கிருந்து வேலூர் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இவங்க தூங்கி எத்தனை நாள் ஆச்சு?" நைனா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய், ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத அவசரம் என்றார்கள். அக்கா நன்றாகிவிட்டாள். அந்தக் குழந்தை இப்போது நாலாம் வகுப்பு.

செங்கோட்டை_ரிட்டயர்டு

நகரித் தம்பி, கோயிலுக்குக் கூட்டிப் போனதே தப்பு. ஏர்வாடி மறந்து போச்சா? 2001 ஆகஸ்ட் 6. மனநோயாளிகளைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்த கொட்டகையில் தீ, 28 உயிர்.

என் அனுபவம்: மச்சினன் ஆரியங்காவில் வேலை, குடி. புனலூரில் ஒரு கவுன்சிலரிடம் கூட்டிப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினான், கொஞ்ச நேரம் அதையே பார்த்தான், திரும்ப மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. 14416 என்ற எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். டெலி மானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, காசு கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றிலும் பேசலாம். அடுத்து, 2017 மனநலச் சட்டம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் கருதும், தண்டிக்கக் கூடாது. கேஸாகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். உடம்பு நோய்க்கு இன்சூரன்ஸ் உண்டென்றால் மன நோய்க்கும் உண்டு என்பதும் அதே சட்டம்தான். மூன்றாவது, பல வருஷம் தினமும் குடித்தவனை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, உயிரே போகலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். காலையில் 45 நிமிடம் நடங்கள். டீயைக் குறையுங்கள். ராத்திரி செல்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். பிள்ளைகளை மாமன் மகனோடு ஒப்பிடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை_தென்னந்தோப்பு

அண்ணாச்சி, மச்சினன் கதை மூணு வரி, அட்வைஸ் முழ நீளம். அந்தச் செருப்பைப் பார்த்துக்கிட்டு நின்னாரே, அப்புறம் என்னாச்சு? அதைச் சொல்லுங்க.

நகரி_தறி

ஐயா, நாங்க யாரையும் சங்கிலியில் கட்டலை. வெட்கம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒண்ணு. "இது சாமி காரியம் இல்ல, பால் கட்டி நிக்குது, பச்சை உடம்புக்காரி, வேலூருக்குக் கூட்டிட்டுப் போ" என்று சொன்னதே அந்தக் குளத்தங்கரையில் பூ விற்ற அம்மாதான். வீட்டில் இருந்த படிச்சவங்க ஒருத்தரும் சொல்லலை. நான் பி.காம்.

செங்கோட்டை_ரிட்டயர்டு

மச்சினன் 2019ல் போய்ச் சேர்ந்தான்.

ஆனைமலைக்காற்று

மன்னிக்கணும் ஐயா.

தோப்புக்காரர் சொன்னது சரி. முகத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் ஒரு சொல் காதில் விழுந்ததும் நாம் அதற்கு ஏற்ற முகத்தையே பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். அவன் சுவரைப் பார்த்தது எனக்குப் பிடிவாதமாகத் தெரிந்தது. அமைதியாகக் கிடக்கும் பிள்ளையைப் பற்றி வழக்கமாக ஒரு பள்ளியும் புகார் சொல்வதில்லை, வயிற்றுவலி என்று அடிக்கடி லீவு எடுத்தால்கூட. இவனுடைய டீச்சர் கவனித்துச் சொல்லி அனுப்பியும் நான் கோட்டை விட்டேன்.

பையனைப் பற்றி இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: அம்மா வேலை முடிந்து கூப்பிடும்போது இங்கே ராத்திரி 11 ஆகிவிடும். அவன் தூங்கியிருப்பான், பாட்டி எழுப்ப மாட்டார். ஐந்து மாதத்தில் நேராகப் பேசியது ஏழெட்டு முறைதான். அவர் வேலை செய்யும் வீட்டில் கேட்டு, தினமும் நம் நேரம் மாலை ஆறரைக்குப் பத்து நிமிடம் வாங்கினோம். பிறகும் பல வாரம் வந்தான். ஒரு நாள், அந்த ஸ்டாரையெல்லாம் ஏன் அவ்வளவு நேராக ஒட்டினாய் என்று கேட்டேன். "ஒட்டி முடிச்சா அம்மாவைக் கூட்டிட்டு வருவீங்கன்னு நினைச்சேன்."

குமுளி_ஏலக்காய்

மேடம், எங்க வீட்டில் இருக்கறது சுத்தமான தமிழ் விஷமம். நேற்று மிக்ஸி ஜாருக்குள் பல்லியைப் போட்டு மூடியிருக்கிறான். அந்த சார்ட்டைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா?