ரப்பர் தடியில லேசர் வச்சு அச்சுக்கட்டை செஞ்ச கதை

நம்ம பக்கம் பழைய ரப்பர் மரத்த வெட்டுனா விறகுக்கும் போகும், அதுல தாள்ல அச்சடிக்க அச்சுக்கட்டை செஞ்சா என்னன்னு ரொம்ப நாளா ஆசை. குலசேகரம் பக்கம் ஒரு மர மில்லுல பலகை கிட்டிச்சு. மருந்துல ஊறவச்ச பலகையா பாத்து வாங்குங்க, இல்லன்னா பூசணம் புடிச்சு நீலமாயிரும், வண்டும் துளைச்சிரும்.

கூட்டுக்காரன்கிட்ட மரத்த எரிச்சு செதுக்குற 10 வாட் டயோடு லேசர் மெஷின் உண்டு. "குமரி"ன்னு எழுத்து, கீழ மூணு கட்டுமரம். மெல்லிசு கோடெல்லாம் அழகா வந்துச்சு, ஆனா மை படக்கூடாத பெரிய வெள்ளை இடத்த லேசர்ல எடுக்க நின்னா பொழுதே போயிரும், அத உளியில எடுக்கதுதான் நல்லது. கரிய டூத்பிரஷ் வச்சு நல்லா தேச்சு எடுக்கணும், இல்லன்னா மையில கலந்துரும்.

பக்கத்து வீட்டு மாமா நாகர்கோவில்ல ஒரு அச்சாபீஸ்ல எழுத்து கோக்குற கம்பாசிட்டரா இருந்தவரு. கட்டைய காட்டுனேன், பாத்த உடனே "கட்டையில நேரா வாசிக்க முடியுதே மக்ளே, அப்பம் தாள்ல எப்படி வாசிப்ப?"ன்னு கேட்டாரு. நான் ஃபைல்லயும் மிர்ரர் பண்ணி இடவலமா திருப்பிருக்கேன், மெஷின் சாஃப்ட்வேர்லயும் மிர்ரர் ஆன்ல கிடந்துருக்கு, ரெண்டு தடவ திரும்பி நேராவே வெந்துபோச்சு!

ரெண்டாவது கட்டைய அவரு தலைகீழா புடிச்சு இடமிருந்து வலமா விரல் ஓட்டி வாசிச்சாரு பாருங்க, அசந்துட்டேன். 1578ல கொல்லத்துல தமிழ் புத்தகம் அச்சடிக்க எழுத்து கோத்தவங்களும் இப்படித்தான வாசிச்சிருப்பாங்கன்னு நினைச்சா உடம்பு சிலிர்க்குது.

மொதல்ல கட்டையில மை உருட்டி தாள வச்சு, தேங்காய் சிரட்டைய வழவழன்னு தேச்சு அது முதுகால அழுத்துனேன், சின்ன கட்டைக்கு அது போதும், இது பெருசு, திட்டுத்திட்டா வந்துச்சு. பைண்டிங் போடுற ஸ்க்ரூ பிரஸ்ல வச்சும் "ம" மட்டும் வெளுத்தே கிடந்துச்சு. மாமா மெல்லிசு தாள கையால பிச்சு, கத்திரியால வெட்டப்படாதாம் ஓரம் தெரியுமாம், மேல வைக்கிற அட்டையில சரியா அந்த இடத்துக்கு நேரா ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டுனாரு. மூணாவது துண்டு ஒட்டுனதும் "ம" கருகருன்னு எழும்பிச்சு. மேக்ரெடின்னு பேராம் இதுக்கு. மெஷினுக்கு செட்டிங் படிக்க ஒரு வாரம் போச்சு எனக்கு, இத அவரு கால் மணி நேரத்துல சொல்லித்தந்தாரு.

ஒரே தொல்லை, ஆனி மாச மழையில எண்ணெய் மை ஒம்பது நாளாகியும் விரல்ல ஒட்டுது. யாருக்காவது வழி தெரியுமா?

பதில்:
அண்ணே, எனக்கும் அதேதான். மைய மெல்லிசா உருட்டுங்க, தாள அடுக்காம கொடியில போட்டு ஃபேன் காத்து படவிடுங்க, எண்ணெய் மை காத்து பட்டாத்தான் இறுகும். நான் முட்டத்துல ஒரு விளமீன் வாங்கி ஜப்பான்காரங்க செய்ற மாதிரி மீன் மேலயே மை தடவி தாள்ல அச்சு எடுத்தேன். உப்பு போட்டு வழுவழுப்ப கழுவி, வாய்லயும் செவுள்லயும் பஞ்சு வச்சேன், இல்லன்னா தண்ணி கசிஞ்சு தாள் நாசமாயிரும். செதில் ஒவ்வொண்ணும் எண்ணலாம் போல விழுந்துச்சு! கண்ணு மட்டும் அச்சுல வராது, பிறவு பிரஷ்ல வரைஞ்சேன்.