வேலை முடிந்து படிக்க வருகிறவர்கள்: கொழும்பில் கண்டதும் பட்டதும்

கொட்டாஞ்சேனை டீச்சர்:
ஞாயிறு பின்னேரங்களில் ஒரு மண்டபத்தில் வளர்ந்தவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். வருகிறவர்களில் அநேகர் மலையகத்திலிருந்து சின்ன வயதிலேயே வீட்டு வேலைக்கு வந்த பெண்கள். இலங்கையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுத்தறிவு உள்ளவர்கள் என்று பெருமையோடு சொல்கிறோம். அந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவர்களைத்தான் நான் வாராவாரம் சந்திக்கிறேன். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில் இலவசக் கல்வி வந்தது. மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது ஒழுங்காகப் போய்ச் சேர இன்னும் பல வருடங்கள் எடுத்தன. 5 முதல் 14 வயது வரை கட்டாயம் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும் என்ற விதி 1998இல்தான் நடைமுறைக்கு வந்தது. 16 வயது வரை என்று ஆனது 2016இல். அதற்கு முன்பே வளர்ந்துவிட்டவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு அக்கா முதல் நாளே சொன்னார்: "டீச்சர், எனக்கு அ, ஆ எல்லாம் வேண்டாம். கிளினிக் கொப்பியிலயும் மருந்துப் பைக்கற்றிலயும் என்ன எழுதியிருக்கு என்று தெரிஞ்சா போதும்." அவருக்கு பிரஷர். எந்தக் குளிசை காலையில், எது இரவில் என்று வீட்டுக்காரம்மா வாசித்துச் சொல்வார். அந்த அம்மா வெளியூர் போனால் இவர் நிறத்தைப் பார்த்துத்தான் விழுங்குவாராம். கேட்டதும் எனக்கு நெஞ்சு பதறியது. புத்தகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவருடைய மருந்துப் பைக்கற்றையே பாடமாக்கினோம். சிங்களத்தில் காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், பின். அப்புறம் கரண்ட் பில். அப்புறம் பஸ் போர்ட்டில் உள்ள ஊர்ப் பெயர்கள். நம்பர் மட்டும் அவருக்கு முன்பே தெரியும். சில மாதங்கள் போக, முதலாம் ஆண்டுப் புத்தகத்தை அவரே கேட்டு வாங்கினார்.

வளர்ந்தவர்கள் படிக்க வரமாட்டார்கள் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. அவர்களுக்கு இன்றைக்குத் தேவையானதை முதலில் கொடுத்தால் வருவார்கள். உங்களுக்கும் இப்படி யாரையாவது சந்தித்த அனுபவம் இருக்கும், எழுதுங்கள்.

முகத்துவாரம், ஆட்டோ ஓட்டுபவர்:
2022இல் தட்டுப்பாட்டின்போது பெற்றோலைப் பங்கிட ஃபோனில் காட்டும் கியூஆர் குறியீடு வந்ததே, அதுதான் என் வகுப்பு. எங்கள் ஸ்டாண்டில் பாதிப் பேருக்கு ஃபோனில் கோல் எடுக்க மட்டும்தான் தெரியும். அப்போது வாரத்துக்கு ஆட்டோவுக்கு 5 லீற்றர், அதுவும் பதிவு செய்தால்தான். கொமியூனிகேஷன் கடையில் காசு கொடுத்துப் பதிந்தவர்கள் பலர். எனக்கு மகள் காட்டித் தந்தாள், நான் ஸ்டாண்டில் மற்றவர்களுக்குக் காட்டினேன். அதோடு விடவில்லை. மெப் பார்ப்பது, அப்பில் ஹயர் எடுப்பது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது என்று மர நிழலில் கற்றுக்கொண்டே இருந்தோம். அறுபது தாண்டிய ஒரு ஐயா இப்போது எங்கள் எல்லோரையும்விட வேகம்.

தெமட்டகொடை:
என் அப்பா மேசன் பாஸ். அவர் கட்டின வீடுகள் கொழும்பு முழுக்க நிற்கின்றன. ஆனால் கையில் ஒரு பத்திரம் கிடையாது. வெளிநாட்டு வேலைக்குப் போகப் பார்த்தபோது தகைமைச் சான்றிதழ் கேட்டார்கள். ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தோம், ஓ.எல். எனும் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு இல்லாவிட்டால் பேசவே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வரும்வரை வாய் திறக்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது, என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமையில் வகுப்புக்கே போகாமல் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை அதைச் செய்கிறது. மொத்தம் ஏழு மட்டங்கள், முதல் நான்கும் கைத்தொழிலாளருக்கான சான்றிதழ்கள். பரீட்சை என்றதும் அப்பாவுக்குக் காய்ச்சல் வராத குறை. போய்ப் பார்த்தால் சுவர் கட்டச் சொன்னார்கள். மட்டம் பார்த்தார்கள், தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார்கள், கலவை எந்த அளவில் போடுவாய் என்று வாயால் கேட்டார்கள். இதையெல்லாம் அவர் தூக்கத்திலும் சொல்வார்! சான்றிதழ் வந்த கிழமையே "அடுத்த மட்டத்துக்கு என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டார். வாழ்நாள் முழுக்க புத்தகத்தைத் தொடாத மனிதர்.

இந்த வழியைப் பற்றி ஏன் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை? ஒவ்வொரு ஹார்ட்வெயார் கடை வாசலிலும் தமிழில் ஒட்டவேண்டிய செய்தி இது.

அரச அலுவலர், ராஜகிரிய:
2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று அப்போது விதி வந்தது. அதற்காக சிங்களம் படிக்கப் போனேன். எனக்குத் தெரிந்த சிங்கள அலுவலர் ஒருவர் அதே காலத்தில் தமிழ் படித்தார். மதிய சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் பாடம் கேட்போம். இன்று அவருடைய கவுண்டருக்கு வரும் தமிழ் அம்மாமார் என்னைத் தேடுவதில்லை. அதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

வெள்ளவத்தை:
ஏ.எல். எனும் உயர்தரப் பரீட்சை எடுக்காமல் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு நாவலயிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் அடிப்படைக் கற்கைநெறியில் சேர்ந்தேன். பதினெட்டு வயது முடிந்திருந்தால் ஏ.எல். இல்லாமலே தொடங்கலாம் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரியும். பாடம் கஷ்டமில்லை. வகுப்புள்ள நாட்களில் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பதுதான் கஷ்டம். மாமி கைகொடுத்திராவிட்டால் பாதியில் விட்டிருப்பேன். பெண்களுக்கு வகுப்பு நடத்துகிறவர்கள் பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்க்க ஒருவரையும் வையுங்கள். டீச்சர், உங்கள் மண்டபத்தில் இடமிருந்தால் மாதத்தில் ஒரு ஞாயிறு நான் வருகிறேன்.

கொட்டாஞ்சேனை டீச்சர்:
கட்டாயம் வாங்க, இடம் இருக்கிறது. தெமட்டகொடைத் தங்கச்சி, எங்கள் வகுப்பில் நன்றாகச் சமைக்கிற அக்காமார் சிலர் இருக்கிறார்கள். பெரிய வீடுகளில் விருந்து முழுதையும் தனியாளாகச் செய்பவர்கள். அவர்களையும் அந்த வழியில் அனுப்பிப் பார்க்க ஆசை. அப்பா என்னென்ன கொண்டுபோனார்?

தெமட்டகொடை:
அடையாள அட்டைப் பிரதி, வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள், கட்டின வேலைகளின் படங்கள். கடிதம் எடுப்பதுதான் நாள் பிடித்தது, அதை முதலில் கேட்கச் சொல்லுங்கள். சமைக்கும்போது இன்றைக்கே படம் எடுக்கத் தொடங்கட்டும். போகிற அன்று அப்பாவும் கூட வருவதாகச் சொல்கிறார்.