மறு: கால்வாய் லாக்குக்குத் தமிழ்ச்சொல் – ‘நீர்ப்பூட்டு’ வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

பக்கிங்காம் கால்வாயில் மிஞ்சியிருக்கும், படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் லாக்குகளின் படக்குறிப்புக்கு ‘நீர்ப்பூட்டு’ போதும் என்று அக்கா எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பூட்டு என்றதும் வாசகர் சாவியைத்தான் தேடுவார். இங்கே இருப்பதோ இரண்டு வாசல், நடுவில் ஒரு தொட்டி. படகை உள்ளே விட்டுப் பின்கதவை அடைத்து, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ முன்பக்க மட்டத்துக்குக் கொண்டுவந்து, முன்கதவைத் திறந்துவிடுவார்கள்.

> உங்கள் ஊரில் ‘வாட்டர் கேட்’ என்கிறீர்களே, அதையே ‘நீர்க்கதவு’ ஆக்கினால் என்ன?

ஆகாது ஐயா. இங்கே மலேசியாவில், ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து பாகான் டத்தோ வரை கரையோரத் தோட்டங்களில் வாட்டர் கேட் இல்லாமல் பிழைப்பே நடக்காது. கடல் ஏறும்போது அடைத்து, வற்றும்போது திறந்து, பாரிட் (வடிகால்) தண்ணீரை வெளியே விட வேண்டும். உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்தால் தென்னையும் போச்சு, செம்பனையும் போச்சு. ஆனாலும் அது ஒற்றைக் கதவு, படகை மட்டம் மாற்றும் வேலை அதற்கில்லை. மலாய்க்காரர் அதைப் பிந்து ஆயர் என்பார்கள். தமிழில் மதகு என்றாலே போதும்.

பக்கிங்காமின் கதை வேறு. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கியது, 1877–78 பஞ்ச காலத்தில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வளர்ந்தது. வழியில் முகத்துவாரங்களில் அலை ஏறி இறங்கும். கால்வாய் மட்டம் அதோடு ஆடாமலிருக்கத்தான் லாக். ஆகவே என் பரிந்துரை ‘படகுமடை’. மடை வயலுக்கு உரியதுதானே என்றால், தண்ணீரை நிறுத்தவும் திறந்துவிடவும் உள்ள வாய் எதுவும் மடைதான். ‘படகு’ என்ற முன்னொட்டு இது எதற்கான மடை என்பதைச் சொல்லிவிடுகிறது.

லாக்கின் உறுப்புகளுக்குச் சொல் தேட வேண்டியதே இல்லை, கோயில் வாசலில் நின்றால் கிடைக்கும். மரக்கதவு மக்கிப் போனபின் மிஞ்சுவது கல்தான். அதில் முதலில் கண்ணில் படுவது, சுவரில் மேலிருந்து கீழ்வரை அரைவட்டமாகக் குடைந்த பள்ளம். கதவின் முனைத்தூண் அதற்குள் நின்று சுழலும். பள்ளம் ‘குடைமூலை’, அடியில் தூண் ஊன்றும் குழி ‘குடுமிக்குழி’. நம் பழைய கதவெல்லாம் கீல் இல்லாமல் குடுமியில் சுழன்றவைதானே! மட்டம் சமமாகும்வரை தண்ணீரை விடக் கதவிலேயே ஒரு சிறுகதவு வைப்பார்கள். பெருங்கதவுக்குள் இருக்கும் சிறுவாசலைத் திட்டிவாசல் என்கிறோம், ஆகவே இது ‘திட்டி’.

தரையில் கதவு முட்டி நிற்கும் இடம் ‘படி’. இரட்டைக் கதவானால் படி நேராக இராது, அம்புமுனைபோல வளைந்திருக்கும். முனை உயர்ந்த நீர்மட்டத்தின் பக்கம் நீட்டியிருக்கும். தண்ணீர் அழுத்த அழுத்தக் கதவுகள் ஒன்றோடொன்று இறுகும். கதவே இல்லாத சிதைவிலும் மேல்நீர் எந்தப் பக்கம் என்பதைப் படியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அலை புகும் இடங்களில் இரண்டு திசைக்கும் கதவு வைப்பதுண்டு, அங்கே முனைகளும் எதிரெதிராக இருக்கும்.

நடுவிலுள்ளதைத் ‘தொட்டி’ என்பதா, ‘அறை’ என்பதா? அறைக்குக் கூரை வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பொறியியல் படித்தவர்கள் சொல்லட்டும். படம் எடுக்கப் போகிறவர்கள் தண்ணீர் வற்றிய நேரம் பார்த்துப் போங்கள், இல்லாவிட்டால் படி தெரியாது.

அன்புடன்,
ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து